தேடுவோர் கண்ணில் படும் கடை
வலைத்தளம் வைத்திருக்கும் நம் வணிகர்களுக்கு ஒரு பாடம்

 

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களை அவருக்குச் சகோதரராக ஆக்கினார்கள் நபி (ஸல்) அவர்கள். ஸஅத் தம் செல்வத்தில் பாதியைக் கொடுக்க முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் அவர்களோ ஸஅதின் செல்வத்தில் பரக்கத் கிடைக்க துஆச் செய்துவிட்டு, இந்த ஊரில் சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்கு வழி காட்டினார்கள். அங்கே போய் வியாபாரம் செய்து, பாலாடைக்கட்டியும் நெய்யும் லாபமாகக் கொண்டு திரும்பினார்கள். பிற்காலத்தில் ஸஹாபாக்களில் பெரும் செல்வந்தர்களில் ஒருவராகவும் ஆனார்கள்.

சந்தை எங்கே என்ற அந்தக் கேள்வியை இன்று நாமும் கேட்டாக வேண்டும். கடைத்தெருவில் ஒரு சந்தை இருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியில் இன்னொரு சந்தை இருக்கிறது. "பக்கத்தில் பெண்களுக்கான தையல் கடை", "உம்ரா பயணம் எவ்வளவு செலவு", "பத்தமடைப் பாய் விலை" என்று மக்கள் கூகுளில் தேடுகிறார்கள். தேடும் நேரத்தில் நம் கடை கண்ணில் பட்டால்தான் அந்தச் சந்தையில் நாம் இருக்கிறோம் என்று பொருள்.

இதைப் பாடமாக எழுத ஒரு காரணம் உண்டு. நம் அறக்கட்டளையில் வட்டியில்லாக் கடன் வாங்கித் தொழில் தொடங்கிய குடும்பங்கள் பல. அண்மைக் காலமாக அந்த விண்ணப்பங்களில் ஒரு புதிய செலவு தென்படுகிறது. வலைத்தளத்தைக் கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவர முகவருக்கு மாதந்தோறும் கட்டணம் என்று எழுதுகிறார்கள். 'எஸ்.இ.ஓ.' என்று இதற்குப் பெயர்; தமிழில் தேடுபொறி உகப்பாக்கம் என்பார்கள். கடனாகக் கொடுக்கும் பணம் நம் மக்கள் நம்பித் தந்த அமானிதம். அது வீணாகக் கூடாது. இந்த வேலையில் பெரும்பகுதியைப் பணம் கொடுக்காமல் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பணம் கேட்டுச் சொல்லப்படும் சில வழிகள் பலன் தராதவை. சில நமக்கு ஆகாதவை. எது எது என்று பிரித்து அறிவதே இம்மாதப் பாடம்.

1. தேடுபொறி எப்படி வேலை செய்கிறது?

கூகுள் நிறுவனம் 1998இல் தொடங்கப்பட்டது. லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதற்கு அடித்தளம் இட்டார்கள். அதன் வேலையை மூன்று படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, சுற்றி வருதல். கூகுளின் கணினி நிரல் ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறது. இப்படி வலை முழுவதும் அலைகிறது. இரண்டாவது, பட்டியலிடுதல். கண்ட பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் குறித்துக்கொள்கிறது. நூலகத்தில் புத்தகத்துக்கு அட்டை எழுதி வைப்பது போல. மூன்றாவது, வரிசைப்படுத்துதல். ஒருவர் தேடும்போது, அவர் கேட்டதற்கு எந்தப் பக்கம் நல்ல பதிலாக இருக்கும் என்று பார்த்து மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டுகிறது.

இங்கே ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் பணம் கட்டி இடம் வாங்க முடியாது. பணம் கட்டினால் விளம்பரம் கிடைக்கும். அதன்மேல் 'ஸ்பான்சர்டு' என்று குறித்திருப்பார்கள். பணம் நின்ற நாளில் விளம்பரமும் நின்றுவிடும். இயல்பான வரிசை வேறு, விளம்பரம் வேறு. "கூகுளில் எனக்கு ஆள் இருக்கிறது, முதலிடத்துக்கு நான் பொறுப்பு" என்று ஒருவர் சொன்னால், அவரால் முடியாத ஒன்றை அவர் விற்கிறார்.

2. முதலில் செய்ய வேண்டிய சோதனை

வரிசையில் எத்தனையாவது இடம் என்று பார்ப்பதற்கு முன், கூகுளின் பட்டியலில் நம் தளம் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுளின் தேடும் பெட்டியில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, அதை ஒட்டி முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை அடியுங்கள். உங்கள் பக்கங்கள் வந்தால் தளம் பட்டியலில் இருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் எங்கோ கதவு சாத்தியிருக்கிறது.

அந்தக் கதவு பெரும்பாலும் சின்னக் காரணத்தால் சாத்தப்பட்டிருக்கும். நம்மவர்கள் பலர் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தளம் அமைக்கிறார்கள். அதன் அமைப்புகளில் 'ரீடிங்' என்ற பகுதியில், தேடுபொறிகள் வராமல் தடுக்க ஒரு கட்டம் உண்டு. தளம் கட்டி முடியும் வரை அதில் டிக் போட்டு வைப்பார்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். கடை திறந்தும் ஷட்டர் இறங்கியே கிடக்கும்! முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து, கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில் உங்கள் தளத்தைச் சேருங்கள். எந்தெந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் தொட்டு உள்ளே வந்தார்கள், எந்தப் பக்கம் பட்டியலில் ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்பதெல்லாம் அதில் தெரியும். புதிய பக்கம் எழுதினால் வந்து பார்க்கும்படி அதிலேயே கேட்டுக்கொள்ளலாம். முகவர்கள் மாதா மாதம் தரும் அறிக்கையில் பெரும்பகுதி இதிலிருந்து எடுத்ததுதான்.

3. வாடிக்கையாளரின் சொல்லில் பேசுங்கள்

இதுதான் இந்தக் கலையின் உயிர். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம்.

நம் திருநெல்வேலி மாவட்டத்தின் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. தாமிரபரணிக் கரையின் கோரையைப் பிளந்து, ஓடும் நீரில் ஊறவைத்து, காயவைத்து, சாயமேற்றி நெய்வது. தலைமுறை தலைமுறையாக அதை நெய்து வருபவர்கள் பெரும்பாலும் நம் லெப்பைக் குடும்பங்கள், அதிலும் பெண்கள். மணமகன், மணமகள் பெயரை நெய்து கொடுக்கும் கல்யாணப் பாய் அதன் பெருமை. அப்படிப் பாய் விற்கும் ஒரு குடும்பம் வலைத்தளம் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முகப்பில் என்ன எழுதுவார்கள்? "எங்கள் நிறுவனத்துக்கு உங்களை வரவேற்கிறோம். தரமே எங்கள் தாரக மந்திரம்." இந்த வரியை இரும்புக்கடையும் போடலாம், இனிப்புக்கடையும் போடலாம். இதை யாரும் தேடப் போவதில்லை. தேடுகிறவர் என்ன கேட்கிறார்? கல்யாணப் பாய் விலை என்ன? பெயர் நெய்து தர எத்தனை நாள் ஆகும்? என்ன அளவில் கிடைக்கும்? தொழுகைக்கு ஒருவர் நிற்கும் அளவில் உண்டா? சென்னைக்கு அனுப்புவீர்களா? துபாய்க்கு? கையால் நெய்ததா, இயந்திரத்தில் நெய்ததா? தண்ணீர் பட்டால் சாயம் போகுமா? இந்தக் கேள்விகளை நீங்கள் கடையில் தினமும் கேட்கிறீர்கள். அவற்றுக்கு வாயால் சொல்லும் பதிலை அப்படியே எழுதினால் உங்கள் பக்கம் தயார்.

ஆகவே ஒரு நோட்டை எடுத்து, ஒரு மாத காலம் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் எஸ்.இ.ஓ. திட்டம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை:

ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். கல்யாணப் பாய், தொழுகைப் பாய், கோரைப் பை என எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திணிக்காதீர்கள். கல்யாணப் பாயைத் தேடி வருபவருக்குக் கல்யாணப் பாய்க்கான பக்கமே கிடைக்க வேண்டும்.

பக்கத்தின் தலைப்பு. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரியும் வரி பெரும்பாலும் இதிலிருந்துதான் வரும். பல தளங்களில் அது 'ஹோம்' என்றே கிடக்கிறது. "மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைக் கல்யாணப் பாய் – அளவு, விலை" என்று எழுதினால் தேடுபவருக்கு ஒரே பார்வையில் விளங்கும். மிக நீளமாக எழுதினால் பாதியில் வெட்டிக் காட்டுவார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு வேறு தலைப்பு வேண்டும்.

தலைப்பின் கீழ் வரும் விளக்கம். இரண்டு வரிகளில் பக்கத்தின் சாரம். இது வரிசையில் மேலே ஏற்றாது. ஆனால் படிப்பவரை உள்ளே அழைக்கும்.

எழுத்தாக எழுதுங்கள். விலைப்பட்டியலையும் முகவரியையும் ஒரே படமாக்கிப் போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது எட்டாது. ஒவ்வொரு படத்துக்கும் 'ஆல்ட்' என்ற இடத்தில், அது எதன் படம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இரண்டு மொழியிலும் எழுதுங்கள். தமிழில் தேடுபவர் உண்டு. பேசித் தேடுபவரும் உண்டு. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுபவர் அதிகம். தமிழுக்கு ஒரு பக்கமும் ஆங்கிலத்துக்கு ஒரு பக்கமும் வையுங்கள். கணினி மொழிபெயர்த்ததை அப்படியே ஒட்டாதீர்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை விட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிக்காதீர்கள். ஒரே பத்தியில் 'பத்தமடைப் பாய்' என்று பதினைந்து முறை எழுதினால் படிப்பவருக்கு எரிச்சல். கூகுளும் அதை ஏமாற்று என்றே கொள்ளும். 'மெட்டா கீவேர்ட்ஸ்' என்ற மறைவான பட்டியலை நிரப்பப் பணம் கேட்பவரிடம், வரிசைப்படுத்த அதைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டதைச் சொல்லுங்கள்.

4. வரைபடத்தில் உங்கள் கடை

உள்ளூர் வியாபாரத்துக்கு வலைத்தளத்தைவிடவும் உடனே உதவுவது கூகுள் பிசினஸ் புரொஃபைல். முன்பு 'கூகுள் மை பிசினஸ்' என்று பெயர். வரைபடத்தில் கடையின் பெயர், நேரம், தொலைபேசி, படங்கள் எல்லாம் வருகிறதே, அதுதான். முற்றிலும் இலவசம். இதை ஏற்படுத்தக் கூகுள் யாரிடமும் பணம் கேட்பதில்லை. "உங்கள் பதிவு ரத்தாகப் போகிறது, பணம் கட்டுங்கள்" என்று போனில் சொல்பவர் மோசடிக்காரர்.

உள்ளூர்த் தேடலில் கூகுள் மூன்றைப் பார்க்கிறது: கேட்டதற்குப் பொருத்தமான கடையா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

பெயர்ப் பலகையில் உள்ள பெயரையே போடுங்கள். பெயரோடு 'மலிவு விலை, சிறந்த தரம், நம்பர் ஒன்' என்று ஒட்டுவது விதிக்கு மாறானது. பதிவையே நிறுத்தி வைத்துவிடுவார்கள். தொழில் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வலைத்தளத்திலும் வரைபடத்திலும் பில்லிலும் ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே தொலைபேசி எண் இருக்கட்டும்.

கடை நேரத்தில் நாம் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை அடைப்போம், ரமளானில் பகல் நேரம் குறைந்து தராவீஹுக்குப் பின் நீளும், பெருநாளன்று விடுமுறை. ஒரே நாளுக்கு இரண்டு நேரப் பகுதிகள் குறிக்கவும், சிறப்பு நாட்களுக்குத் தனி நேரம் கொடுக்கவும் அதில் வசதி உண்டு. 'திறந்திருக்கிறது' என்று பார்த்து வெயிலில் வந்தவர் பூட்டிய கதவைக் கண்டு திரும்பினால், அந்த வருத்தம் நம் கணக்கில்தான் சேரும்.

வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. வாடிக்கையாளரின் வீட்டுக்கே போய்த் தைக்க அளவு எடுப்பவர்கள், சமைத்த உணவைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், வீட்டு முகவரியைப் பிறர் பார்க்காதபடி மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குச் சேவை என்று மட்டும் காட்டலாம். சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டால் தொழில் செய்யும் இடத்தையும் கருவிகளையும் காட்டினால் போதும். முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. கூரியரில் மட்டும் அனுப்பி, வாடிக்கையாளரை நேரில் சந்திக்காத தொழிலுக்கு இந்தப் பதிவு கிடையாது. அவர்களுக்கு வலைத்தளம்தான் வழி.

இந்தப் பதிவோடு கூகுள் இலவசமாகத் தந்துவந்த எளிய வலைத்தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. விசிட்டிங் கார்டில் இன்னும் அந்தப் பழைய முகவரியை அச்சிட்டு வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

5. மதிப்புரைகளும் நம் மார்க்கமும்

நட்சத்திரங்களும் மதிப்புரைகளும் வாடிக்கையாளரை ஈர்ப்பவை. அதனாலேயே அவை விற்பனைக்கும் வந்துவிட்டன. கடைக்கு வந்தே இராதவர்களிடம் ஐந்து நட்சத்திரங்கள் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். 'எல்லோரும் செய்கிறார்கள்' என்று நம்மில் சிலரும் சபலப்படுகிறார்கள்.

நபி (ஸல்) அவர்கள் தடுத்த வியாபார முறைகளில் 'நஜ்ஷ்' ஒன்று. வாங்கும் எண்ணமே இல்லாதவர், சந்தையில் நின்று விலையை உயர்த்திக் கேட்டு, உண்மையாக வாங்க வந்தவரை மயக்குவது அது. வாங்காத ஒருவர் வாங்கியதுபோல் புகழ்ந்து எழுதி, வாங்க வருபவரை நம்பவைப்பது இதிலிருந்து எவ்வளவு தூரம்? இதற்கான தீர்ப்பை நம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்பது நமக்குத் தெரிந்ததே.

உலகச் சட்டமும் இங்கே நம் பக்கம்தான். இணைய மதிப்புரைகள் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. பொய்யான மதிப்புரைகளையும், தள்ளுபடியோ பரிசோ கொடுத்து வாங்கும் மதிப்புரைகளையும், சொந்தக் கடைக்குத் தானே எழுதிக்கொள்வதையும் கூகுளின் விதிகள் தடுக்கின்றன.

நேர்வழி எளிது. பொருளைக் கொடுத்த பின், "உங்கள் அனுபவத்தை உள்ளது உள்ளபடி எழுதுங்கள்" என்று கேளுங்கள். மதிப்புரை எழுதும் பக்கத்தின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். குறை எழுதியவரிடம் சண்டைக்குப் போகாமல், பெயர் சொல்லி, பணிவாக, என்ன சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்து வருபவர் அந்தக் குறையையும் படிப்பார், உங்கள் பதிலையும் படிப்பார்.

6. குறுக்குவழிகள் எங்கே கொண்டுபோய் விட்டன?

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவரைக் கடுமையாக எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி.

மேலே ஒன்று, உள்ளே ஒன்று. தேடுபொறி உலகிலும் இது நடந்தது. கூகுளுக்கு ஒரு பக்கத்தைக் காட்டி, வாடிக்கையாளரை வேறு பக்கத்துக்குத் திருப்பும் தந்திரத்துக்காக, பிஎம்டபிள்யூ கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தை 2006 பிப்ரவரியில் கூகுள் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. 2011இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைக்காக, தொடர்பே இல்லாத ஏராளமான தளங்களில் இணைப்புகள் வைக்கப்பட்டிருப்பதை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. பல பொருட்களுக்கு முதலிடத்தில் இருந்த அந்தக் கடை கூகுளின் தண்டனையால் பல பக்கங்கள் பின்னே போனது. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றத்தின் மூலம், இப்படிப்பட்ட செயற்கை இணைப்புகளைத் தானாகவே கண்டுபிடித்துக் கீழே இறக்கும் ஏற்பாட்டைக் கூகுள் கொண்டுவந்தது.

அவ்வளவு பெரிய நிறுவனங்கள் விழுந்தும் எழுந்துவிட்டன. கடன் வாங்கித் தொடங்கிய நம் சிறு கடை அப்படி விழுந்தால் தாங்குமா? எனவே 'ஆயிரம் பேக்லிங்க்' என்று பொட்டலம் கட்டி விற்பதை வாங்காதீர்கள். பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புக்கு மதிப்பு உண்டு என்பது உண்மை. அது தகுதியால் வர வேண்டும்: நீங்கள் சரக்கு கொடுக்கும் கடையின் தளம், வணிகர் சங்கத்தின் பட்டியல், உங்கள் கைவினையைப் பற்றி எழுதும் பத்திரிகை. இவற்றில் ஒன்று கிடைத்தாலும் விலைக்கு வாங்கும் ஆயிரத்தைவிட மேல்.

ஈரத்தை மேலே வைக்கும் சுன்னத்தை வலைத்தளத்திலும் கடைப்பிடியுங்கள். அனுப்பும் செலவு தனியா, இருப்பு இல்லையா, திருப்பி எடுப்பீர்களா, படத்தில் உள்ள நிறம் சற்று மாறுமா என்பதையெல்லாம் விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணைப் போடுங்கள். தேடி வந்தவருக்குத் தெளிவான பதில் கிடைத்தால் அவர் வேறு கடைக்குத் திரும்பிப் போக மாட்டார். தேடுபொறி விரும்புவதும் அத்தகைய பக்கத்தையே.

7. வேகமும் பாதுகாப்பும்

பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். கூகுளும் தளத்தின் கைப்பேசி வடிவத்தையே பார்த்துப் பட்டியலிடுகிறது. எனவே கணினியில் அழகாக இருந்தால் போதாது. சிக்னல் குறைந்த இடத்தில், சாதாரண கைப்பேசியில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். தாமதத்துக்கு முதல் காரணம் கேமராவில் எடுத்த பெரிய படங்களை அப்படியே ஏற்றுவது, சுருக்கி ஏற்றுங்கள். தொலைபேசி எண்ணைத் தொட்டவுடன் அழைப்பு போகிறதா என்றும் பாருங்கள்.

தள முகவரியின் தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.எஸ்.' இருக்க வேண்டும். இல்லையென்றால் குரோம் உலாவி 'பாதுகாப்பற்றது' என்று காட்டும். அதற்கான சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது.

8. முகவரை அமர்த்துவதாக இருந்தால்

நேரமோ பழக்கமோ இல்லாதவர்கள் ஆள் வைத்துச் செய்வதில் தவறில்லை. நேர்மையாக உழைக்கும் இளைஞர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். ஆனால் எதையும் எழுதிக்கொள்ளாமல் தொடங்காதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீண்ட வசனம் என்பதை நினைவில் வையுங்கள்.

நம்மிடம் உதவிக்கு வந்த ஒரு சகோதரி, கணவர் மவ்த்தான பின் வீட்டிலேயே மசாலாப் பொடி தயாரித்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். தளம் அமைத்தவருக்கு மாதந்தோறும் பணம் கட்டிவந்தார். ஒரு கட்டத்தில் கட்ட முடியவில்லை. மறு வாரமே தளம் மறைந்தது. விசாரித்தால், தள முகவரி அந்த நபரின் பெயரிலேயே பதிவாகியிருந்தது. பொட்டலத்தின் மீதெல்லாம் அச்சிட்டிருந்த முகவரி இன்று அவருடையது இல்லை. புதிய முகவரியில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

கடைக்குப் பத்திரம் எப்படியோ, வலைத்தளத்துக்கு டொமைன் அப்படி. ஆகவே இவற்றை முதலிலேயே உறுதி செய்யுங்கள்:

* டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். புதுப்பிக்கும் தேதி உங்களுக்குத் தெரிய வேண்டும்.
* தளம், சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல் மூன்றுக்கும் உரிமையாளர் நீங்களே. முகவருக்கு நிர்வாகி என்ற அனுமதி மட்டும் கொடுங்கள்.
* மாதம் என்னென்ன வேலை செய்வார் என்று எழுத்தில் வாங்குங்கள். "அது தொழில் ரகசியம்" என்றால் விலகிவிடுங்கள்.
* முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறாரா? தந்தால் அவர் வேண்டாம்.
* மதிப்புரை வாங்குவது, இணைப்பு வாங்குவது கூடாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

9. பொறுமை

இன்று விதைத்து நாளை அறுக்கும் வேலை அல்ல இது. நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்று கூகுளின் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு வாரம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அடுத்த வாரம் நான்கு புதிய படங்களை ஏற்றுங்கள். மாதக் கடைசியில் சர்ச் கன்சோலைத் திறந்து எந்தச் சொல்லுக்கு ஆள் வந்தார்கள் என்று பாருங்கள்.

முதலிடம் வந்ததா என்பதை மட்டும் கணக்காகக் கொள்ளாதீர்கள். வந்தவர்களில் எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேளுங்கள். 'பாய்' என்ற சொல்லுக்கு முதலிடம் வந்து ஒருவரும் வாங்காததைவிட, 'மணமக்கள் பெயர் போட்ட பத்தமடைப் பாய்' என்ற தேடலில் வந்த பத்துப் பேரில் மூவர் வாங்குவது மேல். இப்போது பல தேடல்களுக்குக் கூகுளே செயற்கை நுண்ணறிவால் ஒரு சுருக்கத்தை மேலே எழுதிக் காட்டுகிறது. அந்தச் சுருக்கமும் யாரோ எழுதிய பக்கங்களிலிருந்தே திரட்டப்படுகிறது. எனவே உங்கள் தொழிலில் உங்களுக்கு மட்டுமே தெரிந்ததைத் தெளிவாக எழுதி வைப்பதன் தேவை குறையவில்லை.

பயிற்சி

இந்த இதழைப் படித்து முடித்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து இவற்றுக்கு விடை எழுதுங்கள்.

1. கூகுளின் பட்டியலில் நம் தளத்தின் எத்தனை பக்கங்கள் இருக்கின்றன?
2. டொமைன் யார் பெயரில் இருக்கிறது? எந்தத் தேதியில் முடிகிறது?
3. வரைபடத்தில் ஜும்ஆ நேரம் சரியாக இருக்கிறதா?
4. வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்கும் ஐந்து கேள்விகள் எவை? அவற்றில் எத்தனைக்குத் தளத்தில் பதில் இருக்கிறது?
5. நம் தளத்தில் மேலே வைக்க வேண்டிய 'ஈரம்' எது?

விடை தெரியாதவர்கள் கைப்பேசியுடன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். நமக்கு உதவும் கல்லூரி மாணவர்கள், இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து பார்த்துச் சொல்வார்கள். கட்டணம் எதுவும் இல்லை. முகவருக்குப் பணம் கட்டக் கடன் கேட்டு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், விண்ணப்பத்துக்கு முன் இந்த ஐந்து விடைகளையும் எழுதிக் கொண்டுவாருங்கள். பாதிப் பேருக்கு அந்தக் கடனே தேவைப்படாமல் போகலாம்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். சந்தையைத் தேடிப் போவதும், அங்கே நேர்மையாக நிற்பதும் நம் பொறுப்பு. நம் எல்லோருடைய உழைப்பிலும் அவன் ஹலாலான பரக்கத்தைத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.

– செயலாளர்